பயிற்சிப் பள்ளியில் முதல் நாள்: தவறான விடை சொன்ன மாணவனிடம் நாளை எப்படிப் பேசுவது?

கேள்வி (பி.எட். இரண்டாம் ஆண்டு, கணிதம்)

அனைவருக்கும் வணக்கம். பதினாறு வாரக் கற்பித்தல் பயிற்சிக்காக ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு இன்று முதல் நாள் சென்று வந்தேன். முதல் வாரம் வகுப்புகளைக் கூர்ந்து கவனித்துக் குறிப்பெழுதினால் போதும் என்றுதான் கல்லூரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் மூன்றாம் பாடவேளையில் ஏழாம் வகுப்புக் கணித ஆசிரியரைத் தலைமையாசிரியர் அழைத்ததால், "பின்னக் கூட்டலைக் கொஞ்சம் நினைவூட்டிக்கொண்டிருங்கள், டீச்சர்" என்று சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டு அவர் சென்றார்.

கரும்பலகையில் 1/2 + 1/3 என்று எழுதினேன். மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு மாணவன் ஆர்வத்துடன் எழுந்து 2/5 என்றான். நான் "தவறு, உட்கார்" என்று சொல்லிவிட்டு, மீச்சிறு பொது மடங்கு 6 என்பதில் தொடங்கி 5/6 வரை எழுதி முடித்தேன். எல்லோரும் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அவன் மட்டும் மணி அடிக்கும்வரை தலை நிமிரவே இல்லை. கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தலின்போது (சிறு பாடப்பகுதியைச் சக மாணவர்களுக்கே நடத்திப் பழகும் பயிற்சி) மாணவர்களாக அமர்ந்திருந்தவர்கள் என் தோழிகள். அவர்களில் எவரும் தவறான விடை சொன்னதே இல்லை என்பது இன்றுதான் எனக்கு உறைத்தது. நாளையும் அதே வகுப்புக்குச் செல்ல வேண்டும். அவனிடம் மன்னிப்புக் கேட்பதா? பாடத்தை எங்கிருந்து மீண்டும் தொடங்குவது?

மறுமொழி 1 (பட்டதாரி ஆசிரியர், கணிதம்)

வணக்கம் அம்மா. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதே வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துவருகிறேன். 2/5 என்ற விடையைக் கேட்காத ஆண்டே இல்லை. தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டுவது கவனக்குறைவால் வருவதன்று. பின்னத்தை ஓர் எண்ணாகப் பார்க்காமல், மேலும் கீழுமாக நிற்கும் இரண்டு எண்களாகப் பார்ப்பதால் வருவது. அவன் செய்ததற்கு ஓர் இடமும் உண்டு. ஒரு தேர்வில் 2 கேள்விகளில் 1 சரி, அடுத்த தேர்வில் 3 கேள்விகளில் 1 சரி என்றால், மொத்தம் 5 கேள்விகளில் 2 சரி என்றுதானே சொல்வோம்? அங்கே முழுமை வேறு வேறு. பின்னக் கூட்டலிலோ இரண்டும் ஒரே முழுமையின் பங்குகள். இந்த வேறுபாட்டை அவனுக்குக் காட்டாமல் மீச்சிறு பொது மடங்கைக் காட்டினால், அவன் மனத்தில் பழைய வழி அப்படியே இருக்கும். தேர்வு முடிந்ததும் திரும்பி வரும்.

ஆகவே "தவறு" என்பதற்குப் பதிலாக, "2/5 பெரியதா, 1/2 பெரியதா?" என்று கேளுங்கள். அரையோடு இன்னொரு பின்னத்தைச் சேர்த்த பிறகும் அரையைவிடக் குறைந்திருக்கிறதே என்பதை அவனே கண்டுபிடிக்கட்டும்.

மறுமொழி 2 (சென்ற ஆண்டு பயிற்சி முடித்தவர்)

ஐயா சொன்ன கேள்வி மிகச் சரியானது. ஆனால் நாளை அதை அந்த மாணவனிடமே முதலில் கேட்டுவிடாதீர்கள், தோழி. நானும் என் பயிற்சியின்போது ஒரு மாணவியை எழுப்பி, எல்லோர் முன்னிலையிலும் "நேற்று நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். என் மனம்தான் இலேசானதே தவிர, அவளுக்கு அது இரண்டாவது கூச்சமாகிவிட்டது. வகுப்பு முழுவதற்கும் கேள்வியை வையுங்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்து அவன் பெயரைத் தெரிந்துகொண்டு செல்லுங்கள். வகுப்பு அவருடையது என்பதால், வழிகாட்டி ஆசிரியரிடமும் நடந்ததை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மறுமொழி 3 (இடைநிலை ஆசிரியை, தொடக்கப் பள்ளி)

நாங்கள் எண்களுக்கு முன்பே சொற்களில் தொடங்குவோம். அரைக் கிலோவும் கால் கிலோவும் சேர்ந்தால் முக்கால் கிலோ என்பது, கடைக்குப் போய்வரும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். தமிழில் அரை, கால், முக்கால், அரைக்கால் என்று பல பின்னங்களுக்குத் தனிப் பெயர் இருப்பது நமக்குப் பெரிய வசதி. பெயர் இருக்கும்போது அது ஓர் எண் என்பது பிள்ளையின் மனத்தில் தானாகவே பதிகிறது. அதன் பிறகு, ஒரே நீளமுள்ள காகிதப் பட்டைகளை ஆறு சமபாகங்களாக மடிக்கச் சொல்லுங்கள். அரைக்கு மூன்று பாகம், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு பாகம்; 6 எங்கிருந்து வருகிறது என்பது கையிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர் (மறுநாள் மாலை)

மூவருக்கும் நன்றி. வழிகாட்டி ஆசிரியரிடம் சொன்னபோது, அவரே பின்வரிசையில் அமர்ந்துகொண்டு பாடவேளையை எனக்குக் கொடுத்தார். அரைக் கிலோ தக்காளியும் கால் கிலோ தக்காளியும் எவ்வளவு என்று கேட்டதும் வகுப்பே "முக்கால்" என்றது. பிறகு 1/2 + 1/4 என்று எழுதி, மேல் எண்களையும் கீழ் எண்களையும் தனித்தனியே கூட்டி 2/6 என்று போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றேன். சிறிது நேரம் அமைதி. அப்புறம் அவன்தான், எழுந்து நிற்காமல், "அரைக் கிலோவைவிடக் குறைஞ்சிடுச்சே, டீச்சர்" என்றான். காகிதப் பட்டைகளை மடித்து முடிக்க நேரம் போதவில்லை. பாதிப் பேர் மூன்றாக மடிப்பதற்கே திணறினார்கள்.

நாளை கழித்தல். 1/2 − 1/3 ஐ அவன் வழியில் செய்தால் மேலே பூச்சியம் வந்துவிடும். அப்படியானால் அரையும் மூன்றில் ஒன்றும் சமமா என்று கேட்டுத் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.