மறு: பைட்டோகுரோமுக்குத் ‘தாவரநிறமி’ போதுமா?

காரைக்குடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். நாம் தமிழில் எழுதும் கையேட்டின் வரைவில், செடி பூப்பதைப் பற்றிய பகுதியில், ஒளியை உணரும் பைட்டோகுரோம் என்ற தாவரப் புரதத்தைத் ‘தாவரநிறமி’ என்று போட்டிருக்கிறது. வேர்ச்சொல்லைப் பார்த்தால் சரிதான், ஆனால் பச்சையமும் கரோட்டினும்கூடத் தாவர நிறமிகள்தாமே? இந்தப் புரதம் உணவு ஆக்க ஒளியைப் பிடிப்பதில்லை. எந்த ஒளி எப்போது விழுகிறது என்று செடிக்குத் தெரிவிப்பதுதான் இதன் வேலை. ‘செந்நிறமி’ அதைவிட மோசம். செவ்வொளியை உறிஞ்சிக்கொள்வதால் இதன் கரைசல் நீலமாகத் தெரியும்! என் முன்மொழிவு: செவ்வொளியுணர்வி.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, சொல் நன்றாக நிற்கிறது. நீலவொளியை உணரும் இன்னொரு புரதமான கிரிப்டோகுரோமுக்கும் ‘மறைநிறமி’ வேண்டாம். யாராவது வேதத்தில் தேடுவார்கள். அதை ‘நீலவொளியுணர்வி’ என்றால், செடியை வெளிச்சத்தின் பக்கம் வளைய வைக்கும் போட்டோட்ராபினும் நீலவொளியைத்தான் உணர்கிறது. ஆகவே அதற்கு ‘வளைவுணர்வி’ என்று தனிப்பெயர் கொடுத்துவிடலாம்.

பைட்டோகுரோமின் இரண்டு வடிவங்களுக்கும் பெயர் வேண்டும். 660 நானோமீட்டர் செவ்வொளி பட்டால் முதல் வடிவம் இரண்டாவதாக மாறும்; 730 பட்டால் திரும்பிவிடும். 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் லெட்டூஸ் விதைகளுக்கு இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கடைசியாக விழுந்தது எதுவோ, அதுதான் முளைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தது. இந்த 730ஐ நம் வரைவு ‘அகச்சிவப்பு’ என்கிறது. தவறு, அகச்சிவப்பு அதற்கும் அப்பால். ‘சேய்ச்சிவப்பு’ என்று வைக்கலாமென்றால் சேய் என்பதற்கே சிவப்பு என்றும் பொருள் உண்டு. கடைக்கண் என்கிறோமே, அதுபோலக் ‘கடைச்சிவப்பு’ எப்படி?

வடிவங்களுக்கு ‘உறங்குவடிவம்’, ‘விழிவடிவம்’. பொதுவாசகருக்குப் புரதத்தையே ‘இரவுமானி’ என்று சொல்லிவிடலாம்.

பள்ளத்தூரிலிருந்து:

தம்பி, கடைச்சிவப்பு இருக்கட்டும். ‘உறங்குவடிவம்’ வேண்டாம். விதையுறக்கம் என்று ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறது, அந்த உறக்கத்தைக் கலைப்பதிலும் இதே புரதத்துக்குப் பங்கு உண்டு. ஒரே பக்கத்தில் இரண்டு உறக்கம் வந்தால் மாணவர் குழம்புவார். அடங்குவடிவம், இயங்குவடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

‘இரவுமானி’யை நான் ஏற்க மாட்டேன், அது அறிவியல் பிழை. இருட்டில் இயங்குவடிவம் மெல்ல அடங்குவதை வைத்துத்தான் செடி இரவை அளக்கிறது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அந்த மாற்றம் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அப்புறம் விடியும் வரை எதை வைத்து அளக்கும்? அளப்பது செடிக்குள் இருக்கும் நாள்கடிகாரம். எந்த நேரத்தில் வெளிச்சம் இருந்தது என்று அதற்குத் தகவல் கொடுப்பவைதான் உணர்விகள். இரண்டும் பொருந்தினால் இலையில் பூப்புப் புரதம் உருவாகி, பட்டைக்குழாய் வழியே குருத்து நுனிக்குப் போகும். நெல்லில் அதன் பெயர் ஹெச்டி3ஏ.

இன்னொன்று. பகல் குறுகும்போது பூக்கும் செடியைக் குறிக்கும் ‘குறும்பகல் தாவரம்’ என்பதை மாற்ற வேண்டாம், பாடநூலில் ஊறிய சொல். அடைப்புக்குள் ‘நெட்டிரவுத் தாவரம்’ என்று ஒரு முறையாவது சேருங்கள். பகலின் நீளத்தைவிட இடையறாத இருட்டின் நீளமே முக்கியம் என்று 1938இல் மருளூமத்தை என்ற குறும்பகல் செடியை வைத்து நிறுவிவிட்டார்கள். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கு எரிந்தாலே அது பூக்காது.

இந்த விளக்கம் இல்லாவிட்டால் நம் வயற்காட்டுச் சிக்கலே புரியாது. நம் பக்கம் ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகை. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி வேறுபாடுகூட இல்லை. பருவம் பார்த்துப் பூக்கும் பழைய சம்பா நெல் ரகங்களும் குறும்பகல் தாவரங்கள்தாம், அவற்றுக்கு அந்தக் கொஞ்சமே போதும். கண்மாய்க்கரையில் தெருவிளக்கு போட்டால் அதன் கீழே உள்ள பயிர் மட்டும் பச்சையாகவே நிற்கும். பத்தடி தள்ளி உள்ளது கதிர் வாங்கியிருக்கும். உரக்குறை, நோய் என்று மருந்தடித்துப் பயனில்லை. பைட்டோகுரோமில் ஒரு வகையான பைட்டோகுரோம் பி இல்லாத நெல்லில் நள்ளிரவு வெளிச்சம் ஹெச்டி3ஏவைக் குறைப்பதில்லை. ஆக, வெளிச்சத்தைச் சொல்லிக்கொடுப்பது யார் என்பதிலும் ஐயமில்லை.

விளக்கின் வயல் பக்கத்தை மறைக்க வேண்டும், அல்லது இரவு அணைக்க வேண்டும். அதுவும் வேளையோடு செய்ய வேண்டும். கதிர்க்குருத்து உருவாவது பூப்புக்குச் சுமார் 30 நாள் முன்பே. அண்டைப் பயிர் பொதி கட்டிய (கதிர் உள்ளே திரண்ட) பிறகு அணைத்தால், இந்தப் பயிர் அன்றிலிருந்துதான் கணக்கைத் தொடங்கும், முதிரும் நேரத்தில் கண்மாயில் தண்ணீர் இருக்காது. பகல் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாத ஐஆர் 8 (1966) போன்ற ரகங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. செவ்வந்தியில் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். இரவு 10 முதல் 2 வரை, இலை மட்டத்தில் சுமார் 100 லக்ஸ். தண்டு நீளும் வரை மொட்டு வராது. செவ்வொளி இல்லாத வெறும் நீல எல்இடி போட்டால் காசுதான் வீண்.

காரைக்குடியிலிருந்து:

பள்ளத்தூர் ஆச்சி சொன்னபடி ‘இரவுமானி’யை எடுத்துவிட்டேன். பைட்டோகுரோம்: செவ்வொளியுணர்வி (அடங்குவடிவம், இயங்குவடிவம்). கிரிப்டோகுரோம்: நீலவொளியுணர்வி. போட்டோட்ராபின்: வளைவுணர்வி. தெருவிளக்குப் பத்தியை அப்படியே பெட்டிச்செய்தியாகப் போடுகிறேன்.

கடைச்சிவப்பை இன்னும் முடிக்கவில்லை. ‘கடை’ என்றதும் மட்டமான சிவப்பு என்று படித்துவிடுவார்களோ? ‘விளிம்புச்சிவப்பு’ நீளம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் விளிம்பு என்பது சொல்லிலேயே இருக்கிறது. மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள்.