அய்யா நெஞ்சில் விரித்த துண்டு

உடன்குடி மகள்:
எங்கள் அய்யா தவறி நேற்றோடு நாற்பது நாள். அவரை அறிந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

பங்குனி பிறந்தால் செம்மணல் தேரிக்காட்டில் விடிலி போட்டு நாங்கள் எல்லாரும் அங்கே போய்விடுவோம். ஆவணி வரைக்கும் அந்த ஓலைக் குடிசைதான் வீடு. அய்யாவுக்கு 40 பனைமரம், காலையும் மாலையும் ஏறவேண்டும். மரத்துக்கு 30 அடி என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 2,400 அடி ஏற்றம். அதே அளவு இறக்கம். இடுப்பில் அருவாப்பெட்டி, காலில் நார், கையில் மரத்தில் சாத்தி மிதித்து ஏறும் முருக்குத்தடி. அவர் இறக்கி வரும் பதநீரை அம்மா காய்ச்சுவாள். பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டால் அடங்கும், அது என் வேலை. அய்யா மரத்து உச்சியில் இருந்தே புகையைப் பார்த்துவிட்டு, "பிள்ளே, தீயை இழு" என்று சத்தம் கொடுப்பார்.

மரத்தைக் கட்டிக் கட்டி ஏறியதில் அவர் நெஞ்சும் முன்கையும் காய்த்துப் போயிருந்தன. என் மகன் பிறந்து கையில் கொடுத்தபோது, தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டாக மடித்து நெஞ்சில் விரித்தார். அப்புறம்தான் பிள்ளையை வாங்கினார். "பிள்ளைக்கு உரசும்லா" என்றார். எங்களையும் அப்படித்தான் தூக்கினார் என்று அம்மா அன்றைக்குத்தான் சொன்னாள்.

பக்கத்து விடிலி:
அக்கா, உங்களுக்கு இது தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வைகாசியில் என் அப்பா மரத்தில் இருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். வட்டிக்கு வாங்கிய பணம் தலைக்கு மேல் நின்றது. மறுநாள் சாயங்காலம் மாமா தன் மரங்களை முடித்துவிட்டு எங்கள் மரங்களில் 12 மரத்தில் ஏறினார். ஆடி முடியும்வரை ஏறினார். பதநீரை எங்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் பேசாமல் போவார். அம்மா பாதிப் பங்கு கொடுக்கப் போனாள். "சீவாம விட்டா பாளை காஞ்சு போகும் மதினி, அதுக்குத்தான் ஏறுதேன்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது உண்மைதான், பாளையைத் தினமும் சீவாவிட்டால் பதநீர் ஊறுவது நின்றுவிடும். ஆனால் அதற்காக மட்டும் யாரும் அடுத்தவன் மரத்தில் ஏறமாட்டார்கள் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் புரிந்தது.

கருப்பட்டிக் கடை:
பத்து லிட்டர் பதநீர் காய்ச்சினால் ஒரு கிலோ, மிஞ்சிப்போனால் கொஞ்சம் கூடுதலாகக் கருப்பட்டி கிடைக்கும். சீனியைக் கலந்தால் எடை எவ்வளவு வேண்டுமானாலும் ஏறும். அவருக்கு முன்பணம் கொடுத்திருந்த ஒரு வியாபாரி, "எல்லாரும் கலக்கிறார்கள், நீரும் கலவும்" என்று நெருக்கினார். அண்ணாச்சி கேட்கவில்லை. வீட்டில் இருந்த நகையை அடகு வைத்து முன்பணத்தைத் திருப்பிவிட்டு, ஓலைப்பெட்டியில் சரக்கோடு என் கடைக்கு வந்தார். ஒரு சிரட்டைக் கருப்பட்டியை உடைத்துக் கையில் கொடுத்து, "என் பிள்ளைகள் தின்பதும் இதுதான்" என்றார். அதற்கப்புறம் 19 வருடம் அவரிடம் நான் எடை போட்டு வாங்கியதே தவிர, உடைத்துப் பார்த்து வாங்கியதில்லை. 2023-ல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பேப்பரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

திருச்செந்தூர் வழிப்போக்கன்:
ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். நிறைமாத மனைவியோடு கோயிலுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தினோம். ஓலைப்பட்டையில் பதநீர் ஊற்றி நுங்கு போட்டுக் கொடுத்தார். எனக்கு மட்டும் காசு வாங்கினார், அவளுக்கு வாங்கவில்லை. பட்டையை எப்படிப் பிடித்தால் சேலையில் சிந்தாது என்று அவளுக்குப் பிடித்துக் காட்டினார்.

உடன்குடி மகள்:
தம்பி, அந்த 12 மரம் சத்தியமாக எனக்குத் தெரியாது. இப்போதுதான் அம்மாவிடம் கேட்டேன், "ஆமா" என்றாள். அந்த வருடம் அய்யா நன்றாக இருட்டிய பிறகுதான் விடிலிக்கு வருவார். சோற்றுச் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்குக் கோபம் கோபமாக வரும். ஏன் இவ்வளவு நேரம் என்று தினமும் கேட்பேன். "இந்த வருசம் மரமெல்லாம் வளந்துட்டு தாயி" என்பார்.