டயாலிசிஸ் கதீட்டரில் எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்று: எங்கே தவறுகிறது?

கேள்வி: டயாலிசிஸுக்காக ரத்தக் குழாயில் கதீட்டர் (மெல்லிய குழாய்) உள்ளவர்களுக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலின் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா) ரத்தத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், எதை முதலில் திருத்த வேண்டும்?

பதில் 1: கதீட்டர் வாயை. மூடியைக் கழற்றியதும் குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹால் (கிருமிநாசினி) துணியால் முனையையும் திருகுப் புரியையும் அழுத்தித் தேய்த்து, தானாக உலர விடுங்கள். அவசரத்தில் ஈரத்தோடு குழாயை மாட்டிவிடுகிறார்கள். கிருமி சாக நேரமே கிடைப்பதில்லை. கதீட்டர் வெளிவரும் இடத்துத் தோலுக்குக் குளோர்ஹெக்சிடின் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும்.

பதில் 2: நாற்காலி, மெஷின் இரண்டையும் நோயாளி எழுந்து போன பிறகே துடையுங்கள். கையுறை போட்டால் கை கழுவியதாகாது!

பதில் 3: கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் பரிசோதனை) எடுத்த பிறகே ஆன்டிபயாடிக். ஹை-ஃப்ளக்ஸ் டயலைசர் (பெரிய துளைகள் கொண்ட ரத்த வடிகட்டி), எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்குத் தரும் ஆன்டிபயாடிக்கான வான்கோமைசினைக் கணிசமாக வெளியேற்றும். அதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் ரத்தத்தில் மருந்தளவு குறையும். கல்ச்சரில் எம்.எஸ்.எஸ்.ஏ. (மெத்திசிலினுக்கு அடங்கும் அதே பாக்டீரியா) என்று வந்தால் செஃபாசோலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மாறுங்கள், அதை ஒவ்வொரு டயாலிசிஸ் முடிந்ததும் கொடுங்கள்.