கீழத்தெரு குரூப்: லேப் திறந்தாச்சு

பானு: நம்ம ஸ்கூல் புது எச்எம் அம்மா ஹைடெக் லேபை டைம்டேபிள்லயே போட்டுட்டாங்க. எட்டாவதுக்கு செவ்வாயும் வியாழனும். வீட்ல என் மகளுக்கு அதே பேச்சு 😀

முருகேசன்: ஏற்கனவே செல்லும் கையுமாத்தான் திரியுதுக. இதுல ஸ்கூல்லயும் கம்ப்யூட்டரா?

செல்வி: அண்ணே, ரீல்ஸ் பாக்குறதும் லேப்ல உக்காந்து படிக்கிறதும் ஒண்ணா?

பானு: லேப் வந்து எத்தனை வருஷம் ஆச்சு. மானிட்டர் மேல போட்ட பிளாஸ்டிக் கவரைக்கூட உரிக்கல. மேல இருந்து ஆன்லைன் க்விஸ் வந்தா திறப்பாங்க. மத்த நாள்ல எமிஸ் வெப்சைட்ல பிள்ளைங்க விவரம் ஏத்துற என்ட்ரிதான்

முருகேசன்: அப்ப முன்னாடி இருந்தவங்க சரியில்லைனு சொல்லு

ராமசாமி சார் (ரிட்டயர்டு எச்எம்): அப்படிச் சொல்லிட முடியாது தம்பி. ஒரு மவுஸ் காணோம்னாலும் ஸ்டாக் ரெஜிஸ்டர்ல கையெழுத்து போட்ட எச்எம்தான் பதில் சொல்லணும். ஆடிட்ல அப்ஜெக்‌ஷன் வந்துச்சுன்னா ரிட்டயர் ஆகுறப்ப பென்ஷன் ஃபைல் இழுத்தடிக்கும். பூட்டி வச்சா எவனும் கேக்க மாட்டான். திறந்து வச்சு உடைஞ்சாத்தான் கேப்பான்

செல்வி: இந்த அம்மாவுக்கு மட்டும் பயம் இல்லையா சார்?

ராமசாமி சார்: இருக்கும்மா. அதான் முதல்ல பள்ளி மேலாண்மைக் குழு (எஸ்எம்சி) கூட்டத்துல வச்சுத் தீர்மானம் போட்டுருக்காங்க. அதுக்குத் தலைவி பெத்தவங்கள்ல ஒருத்தர்தானே. நாளைக்கு ஒண்ணுன்னா ஒத்த ஆள் தலையில விடியாது. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு நோட்டு வேற

பானு: ஆமா சார். இவளுக்கு 6ஆம் நம்பர். "ஸ்பேஸ் பார் ஒட்டிக்குது"ன்னு எழுதிக் கையெழுத்து போட்டுட்டு வந்திருக்கா, பெரிய ஆபீசராட்டம்

செல்வி: ஒரு சிஸ்டத்துக்கு ரெண்டு பேராமே? பயலுக மவுஸைப் பிடிச்சா விடுவானுகளா

பானு: பாதி பீரியட்ல மணி அடிச்சு இடம் மாத்துறாங்கக்கா

முருகேசன்: டீச்சருங்க ஒத்துக்கிட்டாங்களா? 2018ல புத்தகம் மாறுனப்பவே பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் கோடு வந்துச்சு. யாரு ஸ்கேன் பண்ணா?

ராமசாமி சார்: நல்ல கேள்வி. சர்குலர் அனுப்புனா சுத்துக்கு விட்டுக் கையெழுத்து வாங்குறதோட சரி. இந்த அம்மா தானே ஒரு வகுப்பு எடுத்தாங்களாம். கல்வித் துறையோட மணற்கேணி ஆப்ல பாட வீடியோவைப் போட்டு, பாதியில நிறுத்தி, அடுத்து என்ன ஆகும்னு பிள்ளைங்களைக் கேட்டாங்களாம். அறிவியல் டீச்சர் பின்னாடி உக்காந்து பாத்திருக்காங்க. டேப்லெட்டும் ட்ரெய்னிங்கும் குடுத்தாச்சுன்னு ரிப்போர்ட் எழுதுறது சுலபம். எச்எம் வகுப்புக்குள்ள வந்து நின்னாத்தான் மத்தவங்க கை நகரும்

முருகேசன்: சரி சார், பாப்போம். கரண்ட் போனா?

பானு: அதாண்ணே சிக்கல். யுபிஎஸ் பத்து நிமிஷம்கூட நிக்கல. பேட்டரி போச்சு போல. எஸ்எம்சியில பேசணும்

செல்வி: கார்த்தி, உன் கடையில பேட்டரி பாக்குறல்ல?

கார்த்தி: வாரேன்க்கா. வாரன்டி இருந்தா காசு குடுத்து மாத்த வேணாம். பில் இருக்கானு பாக்கச் சொல்லுங்க

ராமசாமி சார்: ஸ்டாக் ரெஜிஸ்டர்ல தேதி இருக்கும்ப்பா. எச்எம் முன்னாடி வச்சே கழட்டு, கழட்டுனதையும் எழுதி வாங்கிக்க

கார்த்தி: சரிங்க சார் 👍 வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மேல போறேன்