நூற்றியொரு மாத்திரையா? மருந்துச் சீட்டு அனுபவங்கள்

மருந்துக்கடைக்காரர், கடலூர் முதுநகர்:

துறைமுகத்துப் பக்கம் 18 வருடமாகக் கடையில் நிற்கிறேன். அட்டையைக் கத்தரித்து, காகிதக் கவரில் போட்டு, மேலே 1-0-1 என்று எழுதிக் கொடுப்பது கைப்பழக்கம். ஒருநாள் சோனாங்குப்பத்துப் பாட்டி ஒருவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொய் எழுதுற மாதிரி நூத்தியொண்ணுன்னு போட்டிருக்கியே தம்பி, அவ்வளவையும் நானா முழுங்கணும்?" என்றார். கடையே சிரித்தது. பாட்டி சிரிக்கவில்லை. காலையில் ஒன்று, மதியம் கிடையாது, ராத்திரி ஒன்று என்று வாயைத் திறந்து சொல்லாமலே எத்தனை பேரை அனுப்பியிருப்பேனோ!

சரி, எண் வேண்டாம் என்று சூரியனும் பிறையும் வரைந்து பார்த்தேன். "பிறை தெரியற அன்னிக்கு மட்டுமா?" என்று கேட்டார் ஒருவர். அத்தோடு ஓவியம் முடிந்தது.

ஆனால் என்னை உலுக்கியது இன்னொன்று. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு சாப்பிடும் மீனவர் ஒருவர். கவரில் தெளிவான தமிழில், கொட்டை எழுத்தில், 'காலை, சாப்பாட்டுக்கு முன்' என்று நானே எழுதினேன். அவர் விடியற்காலை 3 மணிக்குப் போட்டில் ஏறுகிறவர். எழுதியபடியே மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருக்குக் காலைச் சாப்பாடு என்பது கரைக்கு வந்து, மீனை ஏலம் விட்ட பிறகு, 10 மணிக்கோ 11 மணிக்கோ. அந்த மாத்திரை சோற்றுக்காகக் காத்திருக்காது, சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். நடுக்கடலில் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிவிட்டது. கூடப் போனவர்கள் டீயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிக் குடிக்க வைத்துத் தேற்றியிருக்கிறார்கள். அவர் எதையும் தப்பாகப் படிக்கவில்லை. 'காலை' என்று நான் எழுதியது என்னுடைய காலை. டாக்டரிடம் கேட்டு, 'முதல் சாப்பாட்டுக்கு உட்காரும்போது. சாப்பாடு இல்லையென்றால் மாத்திரையும் இல்லை' என்று மாற்றி எழுதினோம்.

செவிலியர், புதுச்சேரி:

எங்கள் வார்டில் நோயாளிகளுக்கு எளிய தமிழில் ஒரு தாள் தயாரித்தோம். எளிய தமிழ் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். 'குருதி அழுத்தம்', 'ஒவ்வாமை', 'உட்கொள்ளவும்'. வெளியே காத்திருந்த நாலைந்து பெண்களைப் படிக்கச் சொன்னால், எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறார்கள், பொருள்தான் ஏறவில்லை. "பிரஷர்னு போட்டா என்னம்மா குறைஞ்சிடும்?" என்றார் ஒருவர். பிரஷர், அலர்ஜி, கிட்னி எல்லாம் ஊர்ச் சொற்களாகி எவ்வளவோ காலமாகிறது. தூய தமிழுக்கு வேறு இடம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டை வாரத்துக்கு ஒரே நாள்தான் போட வேண்டும். சீட்டில் 'வாரம் ஒன்று' என்று இருந்ததை 'ஒரு வாரம்' என்று எடுத்துக்கொண்டு, தினமும் போட்டுக்கொண்ட அம்மா ஒருவர் வாயெல்லாம் புண்ணாகி வந்தார். ரத்த அணுக்களும் இறங்கியிருந்தன. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். அதிலிருந்து கிழமையைத்தான் எழுதுகிறேன். 'வெள்ளிக்கிழமை மட்டும். மற்ற நாளில் தொடக்கூடாது.' வெள்ளிக்கிழமை யாருக்கும் மறக்காது.

கருவியில் போட்டு மூச்சில் இழுக்க வேண்டிய கேப்சூலைத் தண்ணீர் விட்டு முழுங்கினவர்கள் கதையை எழுத ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

பாகூரிலிருந்து ஒரு மகள்:

என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மாத்திரையை நிறத்தை வைத்துத்தான் பிடிப்பார். இரண்டு அனுபவம்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அம்மா தினமும் ஒரு டம்ளர் காபியோடு போட்டுக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் டி.எஸ்.எச். (தைராய்டுக்கு ரத்தத்தில் பார்க்கும் அளவு) இறங்கவேயில்லை. கேட்டால், "காபி என்ன சாப்பாடாடி?" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். 'பச்சைத் தண்ணி மட்டும்' என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

அடுத்தது, பிரஷர் மாத்திரை. கடையில் வேறு கம்பெனி கொடுத்தார்கள். பழையது வெள்ளை, புதியது ரோஸ். அம்மா அதைப் புது மருந்து என்று நினைத்து, மிச்சமிருந்த வெள்ளையோடு சேர்த்து இரண்டையும் போட்டிருக்கிறார். எழுந்தவுடன் தலைசுற்றி, கிணற்றடியில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்கு இதை எப்படித்தான் எழுதுவது?

மருந்துக்கடைக்காரர், கடலூர் முதுநகர்:

பாகூர் அம்மாவுக்கு: பழைய அட்டையைத் தூக்கி எறியாமல் கடைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கம்பெனிப் பெயரும் நிறமும் மாறினாலும் உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் அட்டையில் அச்சாகியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், "இது அதேதான், பழசு தீர்ந்ததும் இதை ஆரம்பிங்க" என்று எங்களால் சொல்ல முடியும். இப்போது நான் கொடுத்து முடித்ததும், "வீட்டுல மருமக கேட்டா எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். பாதிப்பேர் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

ஒரு தொல்லை இருக்கிறது. பத்து மாத்திரை அட்டையில் நாலு கேட்டால், பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. கத்தரிப்பது நாங்கள்தான். நேற்று முதல், பெயர் இல்லாத துண்டு போகும்போது கவரின் பின்பக்கம் மருந்தின் பெயரை எழுதி அனுப்புகிறேன். கூட்டம் இருக்கும் மாலை நேரத்தில் இரண்டு முறை மறந்தும் போய்விட்டேன்.