மறு: எக்ஸ்போஷர் – ‘வெளிப்பாடு’ வேண்டாம், ‘படுதல்’ போதும்

அன்பர்களுக்கு வணக்கம்.

‘எக்ஸ்போஷர்’ (புகை, தூசி போன்றவை ஒருவர் மேல் படுவது) என்ற மருத்துவச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், உட்கார்ந்து எழுதத்தான் நேரம் வாய்க்கவில்லை.

> ‘வெளிப்பாடு’ பழகிவிட்டது. இனி மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும்.

குழப்பம் ஏற்கெனவே வந்தாயிற்று அய்யா. போன மாதம் காவேரிப்பட்டினம் பக்கம் ஓர் ஊருக்கு, குழந்தைகள் ஆஸ்துமா பற்றிய வினாத்தாளை ஒத்திகை பார்க்கப் போகிறவர்களோடு நானும் போனேன். மொழிபெயர்ப்பு என்னுடையது, அதனால் பழியும் என்னுடையதே. “உங்கள் குழந்தை அடுப்புப் புகைக்கு வெளிப்படுகிறதா?” என்று படித்ததும் அந்த அம்மா, “இல்லீங்க, வெளிய எங்கியும் உடறதில்லீங்க, ஊட்டுக்குள்ளயேதான் இருப்பான்” என்றார். தாளில் ‘இல்லை’ என்று டிக் அடித்தாயிற்று.

இதைச் சொல்லும்போது அவர் களி கிண்டிக்கொண்டிருந்தார். கேஸ் அடுப்பு இருக்கிறது, மேலே துணி போட்டு மூடியபடி. களிக்கும் வெந்நீருக்கும் மட்டும் விறகுதான், ஏனென்றால் துடுப்பை இரண்டு கையாலும் அழுத்திக் கிண்டினால் கேஸ் அடுப்பு மேடையில் நிற்காது, நகர்ந்துகொண்டே போகும். விறகு, தோப்பில் கவாத்து செய்த மாமரக் குச்சி, பாதி ஈரம். பையன் நிலைப்படியில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். நாங்கள் எழுந்திருக்கும்போது, யாரும் கேட்காமலே அந்த அம்மா சொன்னது: “பனிக்காத்து பட்டாலும் சரி, பொகை பட்டாலும் சரி, இவனுக்கு வீசிங் வந்துருதுங்க.”

நாம் ஒரு வாரமாகத் தேடுகிற சொல்லை அவர் ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை சொல்லிவிட்டார். வெயில் படுகிறது, தூசி படுகிறது, மருந்தடிக்கும்போது மேலே படுகிறது. ‘குழந்தை புகைக்கு வெளிப்படுகிறது’ என்றால் ஏதோ பிள்ளையே எழுந்துபோய்ப் புகையில் நின்ற மாதிரி இருக்கிறது. ‘புகை படுகிறது’ என்றால் வருவது புகை. அப்புறம் அந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி தானாக எழும்.

> நேராகப் ‘பாதிப்பு’ என்று போட்டுவிடலாமே?

கூடாது. 2016இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு வேளாண் சமூகங்கள், மரபு வழியில் நெருங்கியவர்கள். ஆமிஷ் வீடுகள் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே, பழைய முறை விவசாயம். ஹட்டரைட்டுகளுக்கு இயந்திரமயமான பெரும் பண்ணைகள், வீட்டுக்குத் தள்ளி. ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா 5 விழுக்காட்டை ஒட்டி, மற்றவர்களில் 21ஐ ஒட்டி. கொட்டகைத் தூசி சின்ன வயதிலிருந்தே பட்டது அங்கே காப்பாகியிருக்கிறது. அதைப் போய்ப் ‘பாதிப்பு’ என்று எப்படி எழுதுவது? நல்லதற்கும் கெட்டதற்கும் பொதுவான சொல்தான் வேண்டும். அதே ஆய்வில் ஜீன் எக்ஸ்பிரஷனும் (எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பது) பார்த்தார்கள், அதற்கு நம்மிடம் ‘மரபணு வெளிப்பாடு’ ஊன்றிவிட்டது. இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் படிக்கிற மாணவன் கதி என்ன? இன்னொன்று, ஆய்வில் ஒப்பிடுகிற இரு குழுக்களைப் ‘புகை பட்ட பிள்ளைகள், படாத பிள்ளைகள்’ என்று எழுதலாம். ‘வெளிப்படாத பிள்ளைகள்’ என்றால் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறவர்கள் என்றுதான் தோன்றும்.

‘படல்’ என்று சுருக்கச் சொன்ன நண்பருக்கு: எங்கள் பக்கம் படல் என்றால் ஆட்டுப்பட்டியை மூடுகிற தட்டி. ‘படுகை’ ஆற்றுக்குப் போய்விட்டது. ‘படுதல்’ அப்படியே இருக்கட்டும், டோஸ் வரும் இடத்தில் ‘பட்ட அளவு’, காலத்துக்குப் ‘பட்ட காலம்’. ‘கண் படுதல்’ நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் கேலி செய்திருந்தார். வரட்டுமே, கண்ணுக்குத் தெரியாத ஒன்று பிள்ளை மேல் பட்டு நோவு வருகிறது என்ற நினைப்பு ஊரில் ஏற்கெனவே இருப்பது நமக்கு வசதிதான்.

> சொல்லுக்கு ஏன் இத்தனை அரசியல்?

யார் மேல் எவ்வளவு படுகிறது என்பதே அரசியல்தான். பெங்களூரில் டாக்டர் எச். பரமேஷ் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கு 2002இல் வெளிவந்தது. போக்குவரத்து குறைந்த இடத்துப் பள்ளிகளில் ஆஸ்துமா சுமார் 11 விழுக்காடு, நெரிசலான இடத்தில் 19, நெரிசலோடு வறுமையும் சேர்ந்த இடத்தில் 31. சாலைப் புகை எல்லார் மேலும் ஒரே மாதிரி படுவதில்லை. ஜல்லி கிரஷருக்குப் பக்கத்தில் யாரும் ஆசைப்பட்டு வீடு கட்டுவதில்லை, அங்கே வேலை செய்கிறவர்கள்தான் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள்தான் அந்த வெள்ளைத் தூசியில் விளையாடுகின்றன.

லண்டனில் ‘எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா’ என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013இல் இறந்தாள். வீடு, போக்குவரத்து நெரிசலான சவுத் சர்க்குலர் சாலைக்குப் பக்கத்தில். அவள் தாய் விடாமல் போராடி, 2020 டிசம்பரில் மறுவிசாரணை முடிவு வந்தது. இறப்புக்கான மருத்துவக் காரணம் மூன்று வரி. மூச்சு செயலிழப்பு, கடுமையான ஆஸ்துமா, மூன்றாவதாகக் காற்று மாசு எக்ஸ்போஷர். அந்த மூன்றாம் வரியைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ‘காற்று மாசு வெளிப்பாடு’ என்றால் மாசு எங்கோ வெளியானது, அவ்வளவுதான், பிள்ளையே அந்த வரியில் இல்லை. ‘காற்று மாசு பட்டது’ என்றால் யார் மேல் பட்டது என்று சொல்லியே ஆக வேண்டும்.

சரி, கேள்வியை இப்படி மாற்றியிருக்கிறேன்: “அடுப்பு எரியும்போது பிள்ளை மேல் புகை படுமா? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?” ‘படுமா’ போதுமா, ‘படுகிறதா’ வேண்டுமா என்பதில் எனக்கே இழுபறி. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், திங்கட்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது. ‘ட்ரிக்கர்’ (ஆஸ்துமாவைத் தூண்டிவிடுவது) என்ற சொல் பற்றிய சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.