கலிபோர்னியா கஞ்சாக் கடையும் செக்யூரிட்டி கிளியரன்ஸும்

“இங்கே 21 வயதானால் ஐடி காட்டிக் கடையிலேயே கஞ்சா வாங்கலாமே அண்ணா, பின்னாளில் பாதுகாப்புத் துறை வேலைக்குப் போனால் அது தடையா?” என்று புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார்.

ஆகலாம், தம்பி. கடையைத் திறக்க விட்டது மாநிலச் சட்டம். பாதுகாப்புத் துறை வேலைக்குத் தேவைப்படும் செக்யூரிட்டி கிளியரன்ஸை, அதாவது அரசு ரகசியங்களைக் கையாளத் தரும் அனுமதியை, பார்ப்பது அமெரிக்க மத்திய அரசு. அவர்கள் கணக்கில் கஞ்சா 1970 முதல் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள்தான்.

ஆனால் உங்களுக்கு அதற்கு முன்பே ஒரு வாசல் இருக்கிறது. கிளியரன்ஸ் பொதுவாகக் குடிமக்களுக்கு மட்டும். எச்1பி, கிரீன் கார்டு கட்டங்களில் ‘ஆமாம், பிடித்தேன்’ என்று குடியேற்ற அதிகாரியிடம் ஒப்புக்கொண்டாலே, வழக்கே இல்லாவிட்டாலும், சிக்கல் வரும். மாநிலத்தில் சட்டபூர்வம் என்பது குடியுரிமை மனுவைக் காப்பாற்றாது என்று 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறையே தெளிவாகச் சொல்லிவிட்டது. கஞ்சாக் கம்பெனியில் வேலை பார்ப்பதும் அதில் அடக்கம். அதனால் அமெரிக்க பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். ஏற்கெனவே தொட்டிருந்தால், எந்த மனுவும் போடும் முன் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள்.

சரி, குடிமகன் ஆகிவிட்டீர்கள். அப்போது கிளியரன்ஸுக்காக நிரப்புவது எஸ்எஃப்-86 என்ற நீண்ட படிவம். 23-ஆம் பகுதியில் கடந்த 7 ஆண்டுப் போதைப்பொருள் பழக்கத்தைக் கேட்பார்கள். பலர் பயந்து ‘இல்லை’ என்று போடுவது இங்கேதான். விசாரிப்பவர் பழைய ரூம்மேட்டைக் கூடத் தேடிப் போய்ப் பேசுவார். எப்போதோ பிடித்ததை மன்னிக்க வழி உண்டு, மறைத்ததை மன்னிப்பது கடினம். தெரிந்தே பொய் எழுதினால் 5 ஆண்டுவரை சிறைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. உண்மையாக எழுதிய பதிலைப் பின்னால் குற்ற வழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியமாக்க மாட்டோம் என்று அந்தப் பகுதியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். இதை யாரும் படிப்பதே இல்லை!

முன்பு எப்போதோ பிடித்தது மட்டும் முடிவைத் தீர்மானிக்காது என்று 2021 டிசம்பரில் தேசிய உளவுத் துறை இயக்குநர் வழிகாட்டுதல் கொடுத்தார். எவ்வளவு நாள் முன்பு, எத்தனை முறை, இனி தொடுவாரா என்றெல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். இப்போதும் பிடித்துக்கொண்டே இருந்தால் கதை வேறு, அப்படிப்பட்டவருக்குக் கிளியரன்ஸ் கொடுப்பதை 2008-லிருந்து சட்டமே தடுக்கிறது. கிளியரன்ஸ் வாங்கிய பிறகு பிடிப்பதுதான் இருப்பதிலேயே மோசம். அதற்கு 7 ஆண்டுக் கணக்கும் கிடையாது, எப்போதாவது உண்டா என்றே கேட்பார்கள்.

அப்புறம், முழங்கால் வலிக்கு என்று வாங்கும் சிபிடி எண்ணெய், கஞ்சா வகைச் செடியிலிருந்து எடுப்பது. அதில் கஞ்சாவின் போதை தரும் பொருளான டிஎச்சி கலந்திருந்தால் சிறுநீர்ச் சோதனையில் மாட்டும்.

பங்குச் சந்தைப் பிரியர்களுக்கு ஒன்று: தெரிந்தே நேரடியாகக் கஞ்சா வளர்க்கும், விற்கும் கம்பெனிப் பங்குகளை வாங்கியிருந்தால் அதையும் கேள்வியாக்கலாம். பல துறைகளில் பரவிய மியூச்சுவல் ஃபண்டுக்குள் எங்கோ ஓரமாக இருந்தால் கவலை இல்லை.